'பன்னிரண்டாம் இரவு': வயோலாவின் நாடகமா, காரியஸ்தரின் நாடகமா?

ஒப்பனையறை எழுதியது:

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை ஆள்மாறாட்டக் காதல் நகைச்சுவை என்றுதான் எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அதன் மேடை வரலாற்றைப் புரட்டினால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாற்பது ஆண்டுகளில் இதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் குறிப்புகளில் ஆண் வேடமிட்ட பெண் வயோலாவுக்கு இடமே இல்லை. பேச்செல்லாம் காரியஸ்தர் மால்வோலியோவைப் பற்றித்தான்.

நாடகம் ஆடப்பட்டதற்கு உள்ள முதல் சாட்சி 1602 பிப்ரவரி 2. இடம், லண்டனில் சட்டம் பயில்வோர் தங்கிப் படித்த மிடில் டெம்பிள் மண்டபம். ஜான் மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதுகிறார். ரோம நாடகாசிரியர் பிளாட்டஸின் இரட்டையர் நாடகம் அவருக்கு நினைவு வருகிறது, ஓர் இத்தாலிய நாடகத்தின் சாயலும் தெரிகிறது. அத்தோடு சரி. மீதியெல்லாம் காரியஸ்தருக்கு வைத்த பொறிதான். எசமானி எழுதியதுபோல் ஒரு போலிக் கடிதம், அவள் தன்னைக் காதலிக்கிறாள் என்று அவர் நம்புவது, எப்படி உடுத்த வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று கடிதத்திலேயே கட்டளை, கடைசியில் அவருக்குப் பைத்தியக்காரப் பட்டம். மனிதர் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். வயோலாவின் பெயர் இல்லை.

1623 பிப்ரவரி 2 அன்று அரசவையில் ஆடியபோது நாடகம் 'மால்வோலியோ' என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னர் தம்மிடமிருந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் பிரதியில் இந்த நாடகத் தலைப்பின் பக்கத்தில் தம் கையாலேயே 'மால்வோலியோ' என்று எழுதிவைத்தார். 1640இல் அச்சான லெனார்ட் டிக்ஸின் கவிதை, காலில் குறுக்குப்பட்டி கட்டிய அந்த ஏமாளியைக் காணக் கொட்டகை நிரம்பி வழியும் என்கிறது.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்ட கதைதான். கிளைக்கதைக்கு வந்த ஆள் நாடகத்தையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

மதுரைவாசி எழுதியது:

நாடகத்தைப் படிக்காமல் இழையைப் பின்தொடரும் என் போன்றவர்களுக்காக யாராவது கதையை நான்கு வரியில் சொல்லுங்களேன்.

கொட்டகைக்காரன் எழுதியது:

தம்பி, கேளுங்கள். வயோலாவும் செபாஸ்டியனும் இரட்டையர். கப்பல் உடைகிறது. அண்ணன் மூழ்கிவிட்டான் என்று நினைத்து, அந்நிய நாட்டில் தனியாக நிற்கும் வயோலா ஆண் உடை அணிந்து சிசேரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவன் மேல் காதல் கொள்கிறாள். அவனோ ஒலிவியா என்ற சீமாட்டியிடம் இவளையே தூது அனுப்புகிறான். ஒலிவியா தூது வந்த 'இளைஞன்' மேல் மயங்குகிறாள். செபாஸ்டியன் உயிரோடு வந்து சேர முடிச்சு அவிழ்கிறது. இதற்கிடையில் ஒலிவியா வீட்டில் குடிகார உறவினர் சர் டோபியும் பணிப்பெண் மரியாவும் சேர்ந்து கடுகடுப்பான காரியஸ்தர் மால்வோலியோவைப் படாத பாடு படுத்துகிறார்கள்.

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

ஒப்பனையறை அவர்களே, ஒரு சட்ட மாணவர், ஒரு மன்னர், ஒரு கவிஞர். இந்த மூவரை வைத்துக்கொண்டு லண்டன் நகரமே வயோலாவை மறந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். மேனிங்ஹாம் எவ்வளவு கவனமான ரசிகர் என்பதற்கு அவர் குறிப்பிலேயே சான்று இருக்கிறது. ஒலிவியாவை அவர் விதவை என்று எழுதுகிறார். அவள் அண்ணனுக்காகத் துக்கம் காப்பவள், மணமாகாதவள். மேடையில் கறுப்பு உடையைப் பார்த்ததும் கணவன் இறந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். வசனத்தில் பாதியைக் கேட்காதவரின் சாட்சியத்தை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

இன்னொன்றையும் பாருங்கள். வயோலாவின் பெயரை அன்று பார்த்தவர்கள் அறிந்திருக்கவே வழியில்லை. நாடகம் முழுவதும் அவள் சிசேரியோதான். 'வயோலா' என்ற பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்பவன் செபாஸ்டியன், அதுவும் ஐந்தாம் அங்கத்தில். அச்சுப் புத்தகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பெயர் போட்டிருப்பதால் நமக்கு அது தெரியாமல் போகிறது. அந்தப் புத்தகமோ 1623இல்தான் வந்தது.

அந்தப் பாத்திரத்தைச் செய்தவன் ஒரு சிறுவன். பையன் பெண்ணாக நடிக்கிறான், அந்தப் பெண் பையனாக நடிக்கிறாள். இந்த இரட்டைத் திருகல்தான் அன்றைய வேடிக்கை. அதை நாட்குறிப்பில் எழுத வேண்டிய புதுமையாக யாரும் நினைக்கவில்லை. தினமும் பார்ப்பதுதானே!

நீலாம்பல் எழுதியது:

பையன்கள் என்றதும் ஒரு சந்தேகம். ஆரம்பத்தில் வயோலா தனக்குப் பாடத் தெரியும், பிரபுவின் அவையில் பாடிச் சமாளிப்பேன் என்கிறாள். பிறகு நாடகம் முழுவதும் ஒரு பாட்டும் பாடுவதில்லை. விதூஷகன் ஃபெஸ்டிதான் எல்லாவற்றையும் பாடுகிறான். ஏன்?

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் அம்மா. இரண்டாம் அங்கத்தில் ஆர்சினோ, நேற்றிரவு கேட்ட அந்தப் பாட்டு வேண்டும் என்று சிசேரியோவிடம்தான் ஆரம்பிக்கிறான். உடனே ஒருவன் குறுக்கிட்டு, அதைப் பாட வேண்டியவன் இங்கே இல்லை என்கிறான். போய் ஃபெஸ்டியைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். ஒட்டுப் போட்டது கண்ணுக்கே தெரிகிறது. வயோலாவாக நடித்த பையனுக்குக் குரல் உடைந்துவிட்டதால் பாட்டுகளை ஃபெஸ்டிக்கு மாற்றியிருக்கலாம் என்பது பதிப்பாசிரியர்கள் பலரின் ஊகம். ஃபெஸ்டியைச் செய்தவர் ராபர்ட் ஆர்மின் என்று கருதுகிறார்கள். அவர் நல்ல பாடகர்.

கொட்டகைக்காரன் எழுதியது:

சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய நம் பாய்ஸ் கம்பெனிகளிலும் இதே தலைவலிதான். குரல் உடையும் மகரக்கட்டு வந்துவிட்டால் ஸ்திரீபார்ட் பையனின் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும். பாட்டு போனால் பாதி வேடம் போன மாதிரி. அங்கே பாட்டை வேறு ஆளிடம் கொடுத்துப் பையனைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி.

ஒப்பனையறை எழுதியது:

பேராசிரியர் ஐயாவின் வாதத்தை ஏற்றால், பெண்கள் மேடை ஏறியதும் வயோலா தலைநிமிர்ந்திருக்க வேண்டும். நடந்ததைப் பாருங்கள். 1642இல் மூடிய கொட்டகைகள் 1660இல் திறக்கின்றன. நடிகைகள் வருகிறார்கள். கால்சட்டை அணிந்த நடிகையைக் காணக் கூட்டம் அலைமோதுகிறது. இந்த நாடகத்துக்கு அதைவிடப் பொற்காலம் உண்டா?

நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் மூன்று முறை பார்த்தார். 1661இல் மன்னர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆவலை அடக்க முடியாமல் உள்ளே போனார். மனைவி இல்லாமல் நாடகம் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்ததால் மனம் குறுகுறுக்க, நாடகம் பெருஞ்சுமையாகிவிட்டது. 1663இல், கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடியும் பன்னிரண்டாம் இரவுத் திருநாளன்றே பார்த்தார். நடிப்பு நன்று, நாடகம் அசடு, பெயருக்கும் நாளுக்கும் கதைக்கும் ஒட்டே இல்லை என்றார். 1669இல், தான் மேடையில் பார்த்ததிலேயே ஆகப் பலவீனமான நாடகங்களில் ஒன்று என்று முடித்துவிட்டார்.

1703இல் வில்லியம் பர்னபி இதைக் கிழித்துத் தைத்து வேறொரு நாடகமாக்கினார். அதுவும் நிற்கவில்லை. பிறகு 1741 வரை மூச்சில்லை.

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

பீப்ஸைக் காட்டினால் நான் ஜான் டவுன்ஸைக் காட்டுவேன். அதே நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்தவர். பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுநூலில், சர் டோபியாக பெட்டர்டன் நடித்த இந்த நாடகம் அமோக வெற்றி பெற்றது என்கிறார். கொட்டகையில் வேலை செய்தவர் வசூல் தெரியாமல் பேசுவாரா? பீப்ஸுக்கு அன்று வீட்டு நினைப்பு!

1741க்கு வருவோம். டிரூரி லேன் கொட்டகையில் மால்வோலியோவாக சார்லஸ் மேக்லின். அடுத்த மாதமே அதே மேடையில் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் ஷைலாக்காக நடித்துப் பெரும்புகழ் அடைந்தவர். நம் நாடகத்தில் வயோலா ஹன்னா பிரிட்சர்ட், ஒலிவியா கிட்டி கிளைவ், இருவரும் முன்னணி நடிகைகள். காரியஸ்தரை மட்டும் நம்பிக் கொட்டகை நடத்தவில்லை என்பதற்கு இது போதாதா?

அப்புறம் 1785இல் டாரதி ஜோர்டன். ஆண் வேடத்துக்கென்றே பிறந்தவர் என்று லண்டன் கொண்டாடிய நடிகை. கட்டுரையாளர் சார்லஸ் லாம் அவருடைய வயோலாவைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தன் காதலைத் தன் 'சகோதரி'யின் கதையாக ஆர்சினோவிடம் வயோலா சொல்லும் இடம். அவள் கதை என்ன ஆயிற்று என்று அவன் கேட்க, வெற்றுத்தாள் என்கிறாள். ஜோர்டன் அங்கே நிறுத்துவாராம். கதை அவ்வளவுதான் போலும் என்று கேட்பவர் நினைக்கும்போது, மொட்டைத் தின்னும் புழு என்ற அடுத்த உவமை அப்போதுதான் மனத்தில் உதித்ததுபோல் வருமாம். மனப்பாடம் செய்த கவிதையின் நெடியே இராதாம். ஒரு நிறுத்தத்தைப் பல ஆண்டுகள் ஒருவர் நினைவு வைத்திருந்து எழுதுகிறார் என்றால், அது யாருடைய நாடகம்?

ஒப்பனையறை எழுதியது:

ஐயா, நீங்கள் காட்டும் அதே கட்டுரையில்தான் லாம் பென்ஸ்லியைப் பற்றியும் எழுதுகிறார். அதை மட்டும் விட்டுவிட்டீர்களே! ராபர்ட் பென்ஸ்லியின் மால்வோலியோவிடம் ஸ்பானியப் பிரபுவின் கம்பீரம் இருந்தது, டான் கிஹோத்தேயின் சாயல் இருந்தது, அவர் வீழ்ச்சியைப் பார்க்கும்போதெல்லாம் ஒருவிதத் துயரநாடக உணர்வு வந்தது என்கிறார். மால்வோலியோவின் கண்ணீர் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

விடவில்லை, காத்திருந்தேன். பென்ஸ்லி ஓய்வு பெற்றது 1796. லாமுக்கு அப்போது இருபத்தோரு வயது. கட்டுரை வந்தது 1822. பென்ஸ்லி நடித்த காலத்தில் வந்த விமர்சனங்களில் இந்தத் துயரத்தை யாரும் காணவில்லை என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நடிகர் செய்ததா, நினைவு செய்ததா?

நீலாம்பல் எழுதியது:

அப்படியானால் ஜோர்டனின் நிறுத்தமும் அதே நினைவுதானே ஐயா?

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

வாயை அடைத்துவிட்டீர்கள் அம்மா. ஆனாலும் நிறுத்தம் காதில் விழுந்த செய்தி. துயரம் மனத்தில் தோன்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். லாம் விதைத்ததை அறுவடை செய்யப் பார்த்தவர் ஹென்றி இர்விங். 1884 ஜூலையில் லைசியம் கொட்டகை. பைத்தியம் என்று மால்வோலியோவை அடைத்துவைக்கும் இருட்டறைக் காட்சியில் வைக்கோலில் கிடந்து உருக்கமாக நடித்தார். முதல் நாளே ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். லைசியத்தில் அப்படி நடப்பது அரிது. இர்விங் திரைக்கு முன்னால் வந்து ரசிகர்களையே கடிந்துகொண்டார். வயோலாவாக எலன் டெர்ரி. கட்டைவிரலில் விஷமேறி அவதிப்பட்டு விலக, அவர் தங்கை மரியன் வேடத்தை ஏற்றார். செபாஸ்டியன் யார் தெரியுமா? அவர்கள் தம்பி ஃப்ரெட் டெர்ரி. ஒரே குடும்ப முகம்.

பிறகு 1901இல் பீர்போம் ட்ரீ. மேடையில் நிஜப் புல், நீரூற்று, அடுக்கடுக்கான தோட்டம். அவ்வளவு பெரிய தோட்டத்தை இடையில் அகற்ற முடியாது. அதனால் அங்கே நடக்க வேண்டாத காட்சிகளும் அங்கேயே நடந்தன. மால்வோலியோவாக ட்ரீ வரும்போது, அவரைப் போலவே உடுத்திய நான்கு குட்டி மால்வோலியோக்கள் பின்னால் அணிவகுப்பார்கள். பிரம்மாண்டமான படிக்கட்டில் மிடுக்காக இறங்கும்போது வழுக்கிப் பொத்தென்று உட்காருவார். முகத்தில் ஒரு சலனம் இராது. ஒற்றைக் கண்ணாடியை எடுத்துப் பொருத்திக்கொண்டு, இயற்கைக் காட்சியை ரசிக்கவே உட்கார்ந்ததுபோல் சுற்றுமுற்றும் பார்ப்பார். பெர்னாட் ஷா இதைச் சொல்லியிருக்கிறார்.

கொட்டகைக்காரன் எழுதியது:

அந்த வழுக்கல் ஒன்றுக்காகவே டிக்கெட் வாங்குவேன்.

தேம்ஸ்கரை எழுதியது:

நானும்தான். ஆனால் தோட்டத்துக்காக வசனத்தை வெட்டினார்கள், காட்சிகளை இடம் மாற்றினார்கள். கப்பல் உடைந்து வயோலா கரை ஏறும் காட்சியை முதலிலும், இசை கேட்டு உருகும் ஆர்சினோவை இரண்டாவதாகவும் வைப்பது 19ஆம் நூற்றாண்டு முழுக்க இருந்த வழக்கம். அதை உடைத்தவர் ஹார்லி கிரான்வில் பார்க்கர். 1912 நவம்பர், சவாய் கொட்டகை. ஏறக்குறைய முழு வசனம், நிற்காத வேகம், நார்மன் வில்கின்சன் வரைந்த எளிய அரங்கம். வயோலாவாக லில்லா மெக்கார்த்தி. அவருக்கு முன்பே வில்லியம் போயல், எலிசபெத் காலத்து முறையில் அரங்கப்பொருள் அதிகமில்லாமல் 1895இல் இதை ஆடி, 1897இல் மேனிங்ஹாம் உட்கார்ந்து பார்த்த அதே மிடில் டெம்பிள் மண்டபத்துக்கே கொண்டுபோனார். இந்த நாடகத்தைத் தோட்டக்கலைக் கண்காட்சியிலிருந்து மீட்டவர்கள் இவர்கள் இருவர்தான்.

மதுரைவாசி எழுதியது:

காட்சியை மாற்றினால் என்ன நஷ்டம்? கப்பல் உடைவதில் ஆரம்பித்தால் விறுவிறுப்பு. தாமதமாக வருபவர்களுக்கும் கதை புரியும்.

கொட்டகைக்காரன் எழுதியது:

தாமதமாக வருபவர்களுக்காக மாற்றியவர்களும் உண்டு. நஷ்டம் என்னவென்றால், முதலில் ஆர்சினோ வந்தால் காதல் என்ற பெயரில் தன்னையே காதலிக்கிற ஒருவனைப் பார்க்கிறோம். அடுத்து, எல்லாவற்றையும் இழந்து ஈர உடையோடு நிற்கும் ஒருத்தி, அடுத்த வேளைக்கு என்ன வழி என்று கேட்கிறாள். இந்த வரிசையில் பார்த்தால்தான் அவள் எப்படிப்பட்ட வீட்டுக்குள் நுழையப் போகிறாள் என்ற கவலை நமக்கு வரும்.

ஒப்பனையறை எழுதியது:

20ஆம் நூற்றாண்டு என் பக்கம். 1955இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜான் கீல்குட் இயக்க, லாரன்ஸ் ஒலிவியர் மால்வோலியோ. வயோலா விவியன் லீ. இன்றும் பேசப்படுவது எது? பெஞ்சிலிருந்து ஒலிவியர் பின்பக்கமாக விழுந்தது. வேண்டாம் என்று கீல்குட் கெஞ்சியும் அவர் கேட்கவில்லை.

1969இல் ஜான் பார்ட்டன் இயக்கத்தில் டொனால்ட் சிண்டன். மேடையில் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கும். மால்வோலியோ அதைப் பார்ப்பார். பையிலிருந்து தம் கடியாரத்தை எடுத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவரவில்லை. ஒரு கணம் யோசிப்பார். பிறகு சூரியக் கடிகாரத்தைப் பிடித்துத் திருகித் தம் கடியாரத்துக்கு ஏற்ப நகர்த்தி வைப்பார். ஒரு வார்த்தை இல்லை. சூரியனே தப்பு என்கிற அந்த மனிதரை இதைவிடச் சுருக்கமாக யார் காட்ட முடியும்? அதே சிண்டன், இப்படி அவமானப்பட்ட மால்வோலியோவுக்குத் தற்கொலையைத் தவிர வேறு வழியில்லை என்றும் எழுதினார். சிரிக்கவைத்த கையோடு கொன்றும் விடுகிறார்.

நீலாம்பல் எழுதியது:

அந்த 1969 நாடகத்தின் வயோலா ஜூடி டென்ச். நாடகம் நெடுகக் கடலோசை கேட்டுக்கொண்டே இருக்கும். யாருடைய கடல் அது? வயோலாவினுடையது. 1958இல் பீட்டர் ஹால் இயக்கிய இலையுதிர்கால அரங்கமும் டாரதி டூட்டினின் வயோலாவும் இல்லாமல் அந்தப் பாணியே வந்திருக்காது. உங்கள் கண்ணுக்குச் சேட்டை மட்டும் தெரிகிறது.

மதுரைவாசி எழுதியது:

இரட்டையர் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே, ஆணும் பெண்ணும் நடித்தால் எப்படி நம்புவது? இதை எப்படிச் சமாளித்தார்கள்?

தேம்ஸ்கரை எழுதியது:

சிலர் ஒருவரையே இரண்டு வேடத்துக்கும் போட்டார்கள். 1865இல் கேட் டெர்ரி, 1937இல் ஓல்ட் விக் அரங்கில் ஜெசிக்கா டாண்டி. வித்தை என்ற அளவில் சரி. ஆனால் நாடகத்தின் உயிரே அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் சோதித்துக் கேள்வி கேட்கும் கடைசிக் காட்சி. அங்கே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் மாற்று ஆள் என்றால் என்ன மிஞ்சும்?

இன்னொரு வழி, உடன்பிறந்தவர்களையே நடிக்கவைப்பது. டாரதி ஜோர்டனோடு 1790இல் அவர் சகோதரர் ஜார்ஜ் பிளாண்ட் செபாஸ்டியனாக வந்தார். டெர்ரி குடும்பத்தை மேலே சொன்னேன். 2025இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கம் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, லுபிடா நியோங்கோவும் அவர் தம்பி ஜூனியர் நியோங்கோவும் இரட்டையராக வந்து, தங்களுக்குள் ஸ்வாஹிலியிலும் பேசிக்கொண்டார்கள்.

மற்றபடி, ஒரே உடை போதும். ரசிகனுக்கு இருவரையும் பிரித்து அறியத் தெரிய வேண்டும். மேடையில் உள்ளவர்களுக்குத் தெரியக் கூடாது. அச்சு அசலாக இருந்தால் நமக்கே குழம்பி வேடிக்கை போய்விடும்.

கொட்டகைக்காரன் எழுதியது:

முழுக்க ஆண்களே நடித்த லண்டன் குளோப் அரங்கத்தாரின் நாடகத்தை யாரும் சொல்லவில்லையே? 2002 பிப்ரவரியில், நானூறாவது ஆண்டுக்காக மிடில் டெம்பிள் மண்டபத்திலேயே ஆடினார்கள். இயக்கம் டிம் கேரல். ஒலிவியாவாக மார்க் ரைலன்ஸ். வயோலா, அப்போது தொழில்முறை மேடைக்கே புதியவரான எடி ரெட்மெய்ன். 2012இல் மறுபடி ஆடியபோது மால்வோலியோவாக ஸ்டீஃபன் ஃப்ரை. அது நியூயார்க் போய், 2014இல் ரைலன்ஸுக்கு அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருது வாங்கித் தந்தது. அதன் பதிவைப் பார்த்திருக்கிறேன். ரைலன்ஸ் நடப்பதே தெரியாது. கறுப்புப் பாவாடைக்குள் பொடி அடி வைத்து, சக்கரம் பொருத்தியதுபோல் வழுக்கிக்கொண்டு வருவார். சிசேரியோவைக் கண்டு அந்தக் கட்டுக்கோப்பு குலையும்போது சிரிப்பு அள்ளிக்கொண்டு போகும். ஒலிவியாவின் நாடகமாகவே ஆகிவிட்டது.

நீலாம்பல் எழுதியது:

அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நாடகத்தில் பெண்களுக்கு இருப்பதே மூன்று நல்ல வேடம். அதையும் ஆண்களே எடுத்துக்கொண்டு 'அசல் முறை' என்று கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை. 2017இல் நேஷனல் தியேட்டர் நேர் எதிராகச் செய்தது. சைமன் காட்வின் இயக்கத்தில் டாம்சின் கிரெய்க் மால்வோலியாவாக வந்தார். காரியஸ்தரே பெண். எசமானி மேல் ஒரு பெண் மறைத்து வைத்திருந்த காதலை ஊரறியப் போட்டு உடைத்துச் சிரிக்கிறார்கள். போலிக் கடிதத்தின் கொடுமை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதுரைவாசி எழுதியது:

நம் நாட்டில் யாரும் ஆடவில்லையா? 1949இல் ஜூபிடர் பட நிறுவனம் எடுத்த 'கன்னியின் காதலி' இந்தக் கதைதான் என்று தாத்தா சொல்வார். கண்ணதாசன் பாட்டெழுத வந்த படம்.

தேம்ஸ்கரை எழுதியது:

அது திரை. மேடைக்கு வந்தால், 2012இல் குளோப் அரங்கில் உலக மொழிகளில் ஷேக்ஸ்பியர் விழா நடந்தபோது, மும்பையின் கம்பெனி தியேட்டர் குழு அதுல் குமார் இயக்கத்தில் 'பியா பெஹ்ரூபியா' என்று இந்தியில் ஆடியது. ஒரே பாட்டும் கூத்தும். வயோலாவாக கீதாஞ்சலி குல்கர்ணி. மொழிபெயர்த்த அமிதோஷ் நாக்பாலே செபாஸ்டியனாக நடித்தார். மேடையில் நின்றுகொண்டு, இவ்வளவு பாடுபட்டு மொழிபெயர்த்த எனக்கு இத்தனூண்டு வேடமா என்று ரசிகர்களிடம் முறையிடுவார். கொட்டகை அதிரும். வயோலாவா, மால்வோலியோவா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். பாவம், செபாஸ்டியனுக்கு வாதாட ஆளில்லை!

கொட்டகைக்காரன் எழுதியது:

இத்தனை பேர் பேசியும் ஓர் இடத்தை யாரும் தொடவில்லை. கடைசிக் காட்சியில் வயோலா பெண் உடைக்குத் திரும்புவதே இல்லை. கவனித்தீர்களா?

வசனத்தைப் பாருங்கள். உன்னைப் பெண் உடையில் பார்க்க வேண்டும் என்கிறான் ஆர்சினோ. என் உடைகள் என்னைக் கரை சேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கின்றன என்கிறாள் வயோலா. அவன் எங்கே? சிறையில். யார் போட்ட வழக்கு? மால்வோலியோ போட்ட வழக்கு! உடனே அவரை அழைத்து வாருங்கள் என்கிறாள் ஒலிவியா. அப்போதுதான் அவருக்குப் பைத்தியம் என்று சொன்னார்களே என்பது அவளுக்கு நினைவு வருகிறது. அவர் வருகிறார், கடிதத்தைக் காட்டி நியாயம் கேட்கிறார், உங்கள் எல்லோரையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஆர்சினோ பதறுகிறான்: பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசுங்கள், அந்தக் கப்பல் தலைவன் விஷயத்தை அவர் இன்னும் சொல்லவில்லை. பிறகு வயோலாவைச் சிசேரியோ என்றே கூப்பிட்டு, ஆண் உடையில் இருக்கும்வரை உனக்கு அந்தப் பெயர்தான் என்கிறான்.

ஆக, வயோலாவின் பாவாடை எங்கே இருக்கிறது என்ற சாவி காரியஸ்தர் கையில். அவர் மனம் வைத்தால்தான் அவள் பெண்ணாக மேடை ஏற முடியும். அவர் மனம் வைக்காமல் போய்விட்டார்.

ஒப்பனையறை எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இழையே தொடங்கியிருக்க மாட்டேன். 1623இல் அரசவைக் குறிப்பில் 'மால்வோலியோ' என்று எழுதியவருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ.

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

அவசரப்படாதீர்கள். சிறையிலிருக்கும் கப்பல் தலைவன் கடைசி அங்கத்தில் திடீரென்று முளைக்கிறான். அந்த வழக்கைப் பற்றி அதற்கு முன் ஒரு வரியும் இல்லை. மால்வோலியோவை மேடைக்குத் திரும்பக் கொண்டுவர ஷேக்ஸ்பியருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் பாரம் ஏற்றினால் அந்த மூன்று வரிகள் தாங்குமா?

கொட்டகைக்காரன் எழுதியது:

சாக்கு என்றே வைத்துக்கொள்வோம் ஐயா. உடைகள் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் இன்னொரு காரணமும் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெண் உடை என்பது குண்டூசியும் நாடாவும் அடுக்கடுக்கான துணியும். அந்த ஆண்கள் நாடகத்தில், ஆட்டம் தொடங்கும் முன் நடிகர்கள் மேடையிலேயே, ரசிகர்கள் பார்க்க உடுத்திக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் நாடா இழுத்து ஊசி குத்திவிட்டார்கள். உடைகளை வடிவமைத்த ஜென்னி டிரமானிக்கும் டோனி கிடைத்தது. அதைப் பார்த்தால் புரியும், கடைசிக் காட்சியில் முக்கால்வாசி நேரம் மேடையிலேயே நிற்கிற வயோலா உள்ளே போய் மாற்றிக்கொண்டு வர வழியே கிடையாது. கைக்கு எட்டாத உடைக்குக் காரணம் தேடிய ஆசிரியர், ஊரில் இருந்த அத்தனை பேரில் மால்வோலியோவைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் எனக்கு முக்கியம்.

நீலாம்பல் எழுதியது:

அதனால்தான் பெண்கள் நடிக்கும்போதும் அந்த முடிவு உறுத்துகிறது. இவ்வளவு நேரம் ஒலிவியாவுக்காக உருகியவன், கால்சட்டையில் நிற்கும் ஒருத்தியின் கையைப் பிடிக்கிறான். யாரைப் பிடிக்கிறான், சிசேரியோவையா, வயோலாவையா? மால்வோலியோ உடையைத் தந்துவிட்டிருந்தால் இந்தக் கேள்வியே வராது.

மதுரைவாசி எழுதியது:

இணையத்தில் கிடைத்த சுருக்கப் பிரதியில் இந்தக் கப்பல் தலைவன் வரிகளே இல்லை. மால்வோலியோ கோபித்துக்கொண்டு போகிறார், உடனே பாட்டு.

கொட்டகைக்காரன் எழுதியது:

வெட்டத் தொடங்கினால் முதலில் போவது அதுதான். அடுத்த மாதம் நம் குழு வாசிப்புக்கு நான் தயாரிக்கும் பிரதியில் அந்த வரிகள் முழுதாக இருக்கும். செபாஸ்டியனுக்கும் வயோலாவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது, நிஜ அண்ணன் தங்கை. ஃபெஸ்டிக்குப் பாடத் தெரிந்தவர் வேண்டும். மால்வோலியோவுக்கு ஒப்பனையறை வருவார் என்று நினைக்கிறேன்.

ஒப்பனையறை எழுதியது:

வருகிறேன். ஆனால் பழிவாங்குவேன் என்ற வரிக்குப் பிறகு யாரும் சிரிக்கக் கூடாது.

திண்ணைப் பேராசிரியர் எழுதியது:

சிரிப்போம். கடிதக் காட்சியில் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.